கம்ப்யூட்டர் கொதிக்கிறதா? புது ஃபேன் வாங்கும் முன் கவனிக்க வேண்டியவை

வெயில் காலம் வந்துவிட்டால் மனிதர்களைப் போலவே கம்ப்யூட்டரும் திணற ஆரம்பித்துவிடும். காலையில் சட்டென்று முடிந்த வீடியோ எக்ஸ்போர்ட், மதியம் மூன்று மணிக்கு இழுத்துக்கொண்டே போகும். கேம் ஆடும்போது திரை தட்டுத்தடுமாறும். மேசைக்குக் கீழே மிக்ஸி ஓடுவது போல ஒரு சத்தம். உடனே பலரும் எடுக்கும் முடிவு, "இன்னும் ரெண்டு ஃபேன் வாங்கிப் போட்டுடலாம்" என்பதுதான்.

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டிலோ ஆன்லைனிலோ நாலு ஃபேன் வாங்கி, கேபினட்டில் காலியாக இருக்கும் இடத்தில் எல்லாம் மாட்டிவிட்டால் பிரச்சினை தீர்ந்துவிடுமா? பல நேரங்களில் தீராது. எத்தனை ஃபேன் இருக்கிறது என்பதைவிட, காற்று எந்த வழியாக உள்ளே வந்து எந்த வழியாக வெளியே போகிறது என்பதே முக்கியம். அந்த ஃபேன்கள் மதர்போர்டில் சரியாக இணைக்கப்பட்டிருக்கின்றனவா என்பது அடுத்தது. இணைப்பில் தவறு நடந்தால் சூடு குறையாது என்பது மட்டுமல்ல, சில நேரம் வாங்கிய பொருளே வீணாகிவிடும்.

ஃப்ரீலான்ஸ் எடிட்டிங், டிசைன், கோடிங் என்று டெஸ்க்டாப்பை நம்பி வேலை செய்பவர்களுக்கு இது நேரமும் பணமும் சம்பந்தப்பட்ட விஷயம். வரிசையாகப் பார்ப்போம்.

சூடானால் கம்ப்யூட்டர் ஏன் மெதுவாகிறது?

கம்ப்யூட்டர் எடுத்துக்கொள்ளும் மின்சாரம் கிட்டத்தட்ட முழுவதும் கடைசியில் வெப்பமாகத்தான் மாறுகிறது. ஐபிஎம் நிறுவனம் 1981-ல் வெளியிட்ட பெர்சனல் கம்ப்யூட்டரின் எஸ்எம்பிஎஸ் திறன் வெறும் 63.5 வாட். எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் இருந்த ஒரே ஒரு ஃபேன், மொத்தப் பெட்டிக்கும் போதுமானதாக இருந்தது. 2022-ல் என்விடியா வெளியிட்ட ஆர்டிஎக்ஸ் 4090 கிராஃபிக்ஸ் கார்டு மட்டுமே 450 வாட் வரை இழுக்கும். எல்லோரிடமும் அந்த கார்டு இருக்காது. ஆனால் சாதாரண கேமிங் அல்லது எடிட்டிங் கம்ப்யூட்டர்கூட, வேலை மும்முரமாக நடக்கும்போது சில நூறு வாட் வெப்பத்தை அந்தச் சின்னப் பெட்டிக்குள் கொட்டுகிறது.

ஒவ்வொரு ப்ராசஸருக்கும் ஒரு வெப்ப எல்லை உண்டு. இன்டெல்லின் பல டெஸ்க்டாப் ப்ராசஸர்களுக்கு அது 100 டிகிரி செல்சியஸ். ஏஎம்டியின் ரைசன் 7000 வரிசையில் பெரும்பாலானவற்றுக்கு 95 டிகிரி. அந்த எல்லையைத் தொட்டதும் ப்ராசஸர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். இதற்கு த்ராட்லிங் என்று பெயர். திரையில் எந்த எச்சரிக்கையும் வராது, வேலை மட்டும் மெதுவாகும். அதையும் தாண்டிச் சூடானால் கம்ப்யூட்டர் பட்டென்று அணைந்துவிடும்.

கேபினட் ஃபேன் என்ன செய்கிறது?

இங்கேதான் பலருக்கும் ஒரு குழப்பம். கேபினட் ஃபேன் ஏசி அல்ல. அது எதையும் குளிர வைப்பதில்லை. உள்ளே இருக்கும் சூடான காற்றை வெளியேற்றி, அந்த இடத்துக்கு அறையில் இருக்கும் காற்றைக் கொண்டுவருகிறது. அவ்வளவுதான்.

எனவே அறையின் வெப்பநிலையைவிடக் கீழே எந்த ஃபேனாலும் கொண்டுபோக முடியாது. ஏசி ஓடும் அறையில் 24 டிகிரி, கத்திரி வெயிலில் ஏசி இல்லாத அறையில் 36 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். அந்த 12 டிகிரி வித்தியாசம் ஏறக்குறைய அப்படியே ப்ராசஸரின் வெப்பநிலையிலும் தெரியும். வெளிநாட்டு யூடியூபர் காட்டும் வெப்பநிலை நம்ம ஊர் அறையில் வரவில்லையே என்று கவலைப்பட வேண்டியதில்லை.

சமையலறையை நினைத்துப் பாருங்கள். எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடுகிறது, ஆனால் கதவு, ஜன்னல் எல்லாம் மூடியிருக்கிறது. புகை சரியாக வெளியேறுமா? ஒரு பக்கம் காற்று உள்ளே வந்தால்தான் மறுபக்கம் வெளியே போகும். கேபினட்டும் அதே கதைதான். முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி போட்டு, ஓரத்தில் சின்ன இடைவெளி மட்டும் விட்ட கேபினட்டில் மூன்று ஃபேன் சுற்றினாலும், உள்ளே வரும் காற்று குறைவாகத்தான் இருக்கும். பார்க்க அழகு, ஆனால் மூச்சு முட்டும்.

பணம் செலவழிக்கும் முன் ஒரு சோதனை

புது ஃபேன் தேவையா இல்லையா என்பதைச் செலவே இல்லாமல் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது.

ஹெச்டபிள்யூ இன்ஃபோ போன்ற இலவச மென்பொருள் ஒன்றை இன்ஸ்டால் செய்தால் ப்ராசஸர், கிராஃபிக்ஸ் கார்டு இரண்டின் வெப்பநிலையும் தெரியும். வழக்கமாகச் செய்யும் கனமான வேலையை, அது கேமோ ரெண்டரிங்கோ, சுமார் 20 நிமிடம் ஓட விடுங்கள். வெப்பநிலையைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு கம்ப்யூட்டரை அணைத்து, கேபினட்டின் பக்கவாட்டு மூடியைக் கழற்றிவிட்டு, அதே அறையில் அதே வேலையை மறுபடியும் 20 நிமிடம் ஓட விடுங்கள். உள்ளே சுற்றும் ஃபேனில் கையோ வயரோ பட்டுவிடாமல் கவனம் தேவை.

மூடியைக் கழற்றியதும் எட்டு, பத்து டிகிரி குறைந்தால், கேபினட்டுக்குள் காற்றோட்டம் சரியில்லை என்று அர்த்தம். ஃபேன் விஷயத்தில் கைவைத்தால் பலன் இருக்கும். ஒன்றிரண்டு டிகிரிதான் மாறுகிறது என்றால் பிரச்சினை வேறு இடத்தில். ப்ராசஸர் மேலே இருக்கும் கூலர் சரியாக உட்காராமல் இருக்கலாம், தெர்மல் பேஸ்ட் காய்ந்திருக்கலாம், கூலரில் தூசி அடைத்திருக்கலாம், அல்லது அறையே சூடாக இருக்கலாம். இந்த நிலையில் கேபினட் ஃபேன் எத்தனை வாங்கினாலும் காசுதான் வீண்.

காற்று எந்தப் பக்கம் வருகிறது?

வீடுகளில் அசெம்பிள் செய்யும் கம்ப்யூட்டர்களில் அடிக்கடி நடக்கும் தவறு, ஃபேனைத் திருப்பி மாட்டுவது. உள்ளே இழுக்க வேண்டிய ஃபேன் வெளியே தள்ளிக்கொண்டிருக்கும்.

கண்டுபிடிப்பது சுலபம். ஃபேனின் ஒரு பக்கத்தில், மோட்டாரைத் தாங்கும் பிளாஸ்டிக் சட்டங்கள் குறுக்கே ஓடும். வயரும் பெரும்பாலும் அந்தப் பக்கத்தில் இருந்துதான் வரும். வழக்கமான ஃபேன்களில் காற்று அந்தப் பக்கமாகத்தான் வெளியேறும். சில ஃபேன்களின் சட்டத்தில் அம்புக்குறியே போட்டிருப்பார்கள். ஒரு விதிவிலக்கு உண்டு. லைட் அழகாகத் தெரிய வேண்டும் என்பதற்காக இறக்கைகளைத் திருப்பி வடிவமைத்த ரிவர்ஸ் ஃபேன்கள் இப்போது கடைகளில் கிடைக்கின்றன. அவற்றில் திசை நேர்மாறாக இருக்கும்.

சந்தேகம் இருந்தால், ஓடும் ஃபேனின் வெளிப்பக்கத்தில் ஒரு டிஷ்யூ பேப்பரைக் காட்டுங்கள். கிரில்லில் ஒட்டிக்கொண்டால் உள்ளே இழுக்கிறது. பறந்தால் வெளியே தள்ளுகிறது.

எங்கே எந்த ஃபேன்?

சாதாரண டவர் கேபினட்டுக்கு அடிப்படை விதி இதுதான். முன்பக்கமும் கீழ்ப்பக்கமும் காற்று உள்ளே வரும் வழி. பின்பக்கமும் மேல்பக்கமும் வெளியே போகும் வழி. சூடான காற்று இயல்பாகவே மேலே எழும் என்பதால் மேலே இருந்து உள்ளே ஊதுவது பெரும்பாலும் நல்ல யோசனை அல்ல.

முன்னால் இரண்டு ஃபேன் உள்ளே, பின்னால் ஒரு ஃபேன் வெளியே. வீட்டு கம்ப்யூட்டர்கள் பலவற்றுக்கு இது போதும். கிராஃபிக்ஸ் கார்டு பெரியது என்றால் முன்னால் மூன்று, பின்னால் ஒன்று, மேலே பின்பக்கம் பார்த்து ஒன்று என்று போகலாம். மேலே முன்பக்க ஓரத்தில் வெளியே தள்ளும் ஃபேன் மாட்டுவதைத் தவிர்ப்பது நல்லது. முன்னால் இருந்து வரும் புதுக் காற்று ப்ராசஸர் கூலரை அடையும் முன்பே அது மேலே இழுத்து வெளியே அனுப்பிவிடும்.

உள்ளே வரும் காற்று, வெளியே போகும் காற்றைவிடக் கொஞ்சம் அதிகமாக இருந்தால் இன்னொரு லாபம் உண்டு. வெளியே தள்ளும் ஃபேன்கள் அதிகமாக இருந்தால், பற்றாக்குறையை ஈடுகட்ட கேபினட்டின் ஒவ்வொரு சந்துபொந்தில் இருந்தும் காற்று நுழையும். அந்த இடங்களில் ஃபில்டர் கிடையாது. தூசி அப்படியே உள்ளே வந்துவிடும்.

எஸ்எம்பிஎஸ் கீழே இருக்கும் கேபினட் என்றால், அதன் ஃபேன் கீழே இருந்து காற்றை இழுக்கும்படி மாட்டியிருப்பார்கள். அப்படிப்பட்ட கேபினட்டைக் கனமான தரைவிரிப்பு மேலே வைத்தால் அந்த வழி அடைபட்டுவிடும். சுவரோடு ஒட்டி வைப்பதும், மேசையின் மூடிய தட்டுக்குள் வைப்பதும் அதே போலத்தான். வெளியே போன சூடான காற்றே திரும்ப உள்ளே வரும்.

3 பின், 4 பின்: என்ன வித்தியாசம்?

கேபினட் ஃபேன்கள் பெரும்பாலும் 120 அல்லது 140 மில்லிமீட்டர் அளவில், 12 வோல்ட்டில் ஓடுபவை. மதர்போர்டில் அவற்றை இணைக்கும் இடத்துக்கு ஹெடர் என்று பெயர்.

3 பின் ஃபேனில் ஒரு வயர் கிரவுண்ட், ஒன்று 12 வோல்ட் மின்சாரம், மூன்றாவது வேகத்தைச் சொல்லும் வயர். ஃபேன் ஒரு சுற்று சுற்றினால் அந்த மூன்றாவது வயரில் இரண்டு துடிப்புகள் போகும். அதை எண்ணித்தான் மதர்போர்டு 'ஆர்பிஎம் இவ்வளவு' என்று காட்டுகிறது. இந்த வகை ஃபேனின் வேகத்தைக் குறைக்க வேண்டுமென்றால் வோல்டேஜைக் குறைக்க வேண்டும். பயாஸில் இதற்கு டிசி மோடு என்று பெயர்.

4 பின் ஃபேனில் கூடுதலாக ஒரு கட்டுப்பாட்டு வயர் இருக்கும். 12 வோல்ட் எப்போதும் முழுதாகவே போகும். நான்காவது வயரில் நொடிக்குச் சுமார் 25 ஆயிரம் முறை ஆன், ஆஃப் என்று ஒரு சிக்னல் போகும். ஆன் ஆக இருக்கும் நேரம் எவ்வளவு என்பதைப் பார்த்து ஃபேன் தன் வேகத்தை மாற்றிக்கொள்ளும். இதுதான் பிடபிள்யூஎம். 3 பின் ஃபேனைவிடக் குறைந்த வேகத்திலும் நின்றுவிடாமல் ஓட இது பொதுவாக உதவும்.

3 பின் ஃபேனை 4 பின் ஹெடரில் மாட்டலாமா? தாராளமாக மாட்டலாம். பிளாஸ்டிக் தடுப்பு இருப்பதால் தவறான பக்கம் உட்காராது. ஆனால் அந்த ஹெடர் பிடபிள்யூஎம் மோடில் இருந்தால், நான்காவது வயர் இல்லாத அந்த ஃபேன் எப்போதும் முழு வேகத்தில்தான் ஓடும். "புது ஃபேன் போட்டதில் இருந்து ஒரே சத்தம்" என்று புலம்புபவர்கள் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது. பயாஸில் டிசி மோடுக்கு மாற்றினால் சத்தம் அடங்கிவிடும்.

விலை குறைந்த சில கேபினட்டுகளோடு வரும் ஃபேன்கள், மதர்போர்டுக்குப் பதிலாக எஸ்எம்பிஎஸ்ஸில் இருந்து வரும் பெரிய மோலெக்ஸ் வயரில் இணைக்கப்பட்டிருக்கும். அவற்றை பயாஸில் எங்கே தேடினாலும் கட்டுப்படுத்த முடியாது.

இன்னொன்று, ப்ராசஸர் கூலரின் ஃபேனை சிபியு ஃபேன் என்று எழுதிய ஹெடரில்தான் மாட்ட வேண்டும். அது காலியாக இருந்தால் பல மதர்போர்டுகள் ஆன் செய்ததுமே 'சிபியு ஃபேன் எர்ரர்' என்று காட்டி நின்றுவிடும். கேபினட் ஃபேன்களுக்கு சேசிஸ் ஃபேன் அல்லது சிஸ்டம் ஃபேன் ஹெடர்கள் இருக்கின்றன.

ஒரு ஹெடரில் எத்தனை ஃபேன் மாட்டலாம்?

பெரும்பாலான மதர்போர்டுகளில் ஒரு சாதாரண ஃபேன் ஹெடர் தாங்கக்கூடியது 1 ஆம்பியர், அதாவது 12 வாட். சரியான அளவு மதர்போர்டு மேனுவலில் இருக்கும். ஃபேனின் நடுவில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் அது எத்தனை ஆம்பியர் எடுக்கும் என்று போட்டிருப்பார்கள்.

கணக்கு ரொம்ப சிம்பிள். 0.20 ஆம்பியர் ஃபேன் மூன்றை ஒரு ஸ்ப்ளிட்டர் வயர் மூலம் ஒரே ஹெடரில் இணைத்தால் 0.60 ஆம்பியர். பிரச்சினை இல்லை. 0.30 ஆம்பியர் ஃபேன் நான்கை இணைத்தால் 1.2 ஆம்பியர். எல்லை தாண்டிவிட்டது. ஹெடர் கருகினால் மதர்போர்டுக்கே செலவு வைக்கும். ஃபேன் சுற்றத் தொடங்கும் நொடியில் வழக்கத்தைவிட அதிக மின்சாரம் எடுக்கும் என்பதால், எல்லைக்கு ரொம்பக் கிட்டே போகாமல் இருப்பது புத்திசாலித்தனம்.

ஃபேன்கள் அதிகம் என்றால், சாட்டா பவர் வயரில் இருந்து மின்சாரம் எடுக்கும் ஃபேன் ஹப் வாங்கலாம். மின்சாரம் எஸ்எம்பிஎஸ்ஸில் இருந்து வரும், வேகக் கட்டளை மட்டும் மதர்போர்டில் இருந்து வரும். ஹப்பில் மாட்டிய எல்லா ஃபேன்களும் ஒரே கட்டளைக்குத்தான் ஓடும். பயாஸில் பொதுவாக ஒரே ஒரு ஃபேனின் ஆர்பிஎம் மட்டும் தெரியும். மற்றவற்றில் ஒன்று நின்றுபோனாலும் தெரியாது என்பதால் அவ்வப்போது கண்ணால் பார்த்துக்கொள்ள வேண்டும்.

லைட் வயரில் ஜாக்கிரதை

கலர் லைட் உள்ள ஃபேன்களில் சுற்றுவதற்கு ஒரு வயர், லைட்டுக்கு ஒரு வயர் என்று இரண்டு இருக்கும். லைட் வயரில் இரண்டு வகை. ஆர்ஜிபி என்பது 12 வோல்ட், 4 பின். எல்லா லைட்டும் ஒரே நிறத்தில் எரியும். ஏஆர்ஜிபி என்பது 5 வோல்ட், 3 பின். ஒவ்வொரு லைட்டும் தனித்தனி நிறத்தில் எரியும்.

ஏஆர்ஜிபி பிளக்கில் நான்கு பின்னுக்கான இடத்தில் ஒன்று மட்டும் அடைத்திருக்கும். அளவு ஏறக்குறைய ஒன்றாக இருப்பதால், கொஞ்சம் அழுத்தினால் 12 வோல்ட் ஹெடரிலும் போய் உட்கார்ந்துவிடும் ஆபத்து இருக்கிறது. அப்படி மாட்டி ஆன் செய்தால் 5 வோல்ட் லைட்டுகள் நிரந்தரமாகப் போய்விடலாம். மதர்போர்டில் ஹெடருக்குப் பக்கத்தில் 5 வோல்ட்டா 12 வோல்ட்டா என்று படித்துவிட்டு மாட்டுங்கள். அழுத்தினால்தான் நுழைகிறது என்றால் அது தவறான இடம்.

பயாஸில் என்ன மாற்ற வேண்டும்?

ஃபேன் மாட்டியதோடு பாதி வேலைதான் முடிந்தது. எந்தச் சூட்டில் எவ்வளவு வேகம் என்று சொல்லிக்கொடுப்பது மீதி. இதற்கு ஃபேன் கர்வ் என்று பெயர். ஆசுஸ் மதர்போர்டுகளில் கியூ ஃபேன், ஜிகாபைட்டில் ஸ்மார்ட் ஃபேன், எம்எஸ்ஐயில் ஹார்டுவேர் மானிட்டர் என்ற பெயர்களில் இந்தப் பகுதி இருக்கும்.

ஆரம்பத்துக்கு ஓர் உதாரணம்: 40 டிகிரி வரை 35 சதவீதம், 60 டிகிரியில் 50 சதவீதம், 75 டிகிரியில் 75 சதவீதம், 85 டிகிரியில் 100 சதவீதம். அறையின் சூட்டையும் காதுக்குப் பிடித்த அளவையும் வைத்து இதைக் கூட்டிக் குறைத்துக்கொள்ளலாம். ரொம்பக் குறைத்தால் சில ஃபேன்கள் நின்றுவிடும். அதையும் கவனிக்க வேண்டும்.

ஃபேன் திடீர் திடீரென்று சீறி அடங்குவது பலருக்கும் எரிச்சல் தரும் விஷயம். ப்ரௌசரைத் திறந்தாலே ப்ராசஸரின் சூடு ஒரு நொடிக்கு எகிறி இறங்கும். ஃபேனும் அதோடு சேர்ந்து ஆடும். பயாஸில் ஃபேன் ஸ்டெப் அப், ஸ்மூத்திங் போன்ற பெயரில் இருக்கும் தாமத செட்டிங்கைச் சில நொடிகள் கூட்டினால் இது அடங்கிவிடும்.

வேகத்தைக் குறைப்பதில் நல்ல லாபம் இருக்கிறது. ஃபேன்களுக்கான பொதுவான விதிப்படி, வேகம் பாதியானால் காற்றும் பாதியாகும். ஆனால் சத்தம் சுமார் 15 டெசிபல் குறையும். அதனால்தான் ஒரு ஃபேனை அலற விடுவதைவிட, இரண்டு ஃபேனை மெதுவாக ஓட விடுவது காதுக்கு நல்லது.

கிராஃபிக்ஸ் கார்டு மட்டும் சூடானால்?

கேம் ஆடுபவர்கள் பலர் கவனிக்காத ஒரு விஷயம் இது. பயாஸில் கேபினட் ஃபேன்கள் பொதுவாக ப்ராசஸர் அல்லது மதர்போர்டின் சூட்டைப் பார்த்துத்தான் வேகமெடுக்கும். கேம் ஓடும்போது ப்ராசஸர் நிதானமாக இருக்கும், கிராஃபிக்ஸ் கார்டு கொதிக்கும். கேபினட் ஃபேனுக்கு அது தெரியவே தெரியாது.

விண்டோஸில் ஓடும் ஃபேன் கன்ட்ரோல் என்ற இலவச மென்பொருள் இதற்கு உதவும். ப்ராசஸர், கிராஃபிக்ஸ் கார்டு இரண்டில் எது அதிகச் சூடோ அதன்படி ஃபேன் ஓடட்டும் என்று அதில் அமைத்துக்கொள்ளலாம். எல்லா மதர்போர்டும் இதோடு ஒத்துழைக்காது. அப்போது பயாஸிலேயே கேபினட் ஃபேன்களின் குறைந்தபட்ச வேகத்தைக் கொஞ்சம் உயர்த்தி வைப்பதுதான் வழி.

கரன்ட் பில் ஏறுமா?

பயப்பட வேண்டாம். 0.15 ஆம்பியர் ஃபேன் ஒன்று முழு வேகத்தில் எடுப்பது 1.8 வாட். மூன்று ஃபேன், தினமும் எட்டு மணி நேரம், 30 நாள் என்று கணக்குப் போட்டாலும் சுமார் 1.3 யூனிட்தான்.

திறக்கும் முன் நினைவில் வைக்க வேண்டியவை

கம்ப்யூட்டரை அணைத்து, பவர் கார்டைச் சுவரில் இருந்தே பிடுங்கிவிட்டு, பவர் பட்டனை ஒருமுறை அழுத்துங்கள். மிச்சம் இருக்கும் மின்சாரம் போய்விடும். உள்ளே கை வைக்கும் முன் கேபினட்டின் பெயின்ட் இல்லாத உலோகப் பகுதியைத் தொடுங்கள். எஸ்எம்பிஎஸ்ஸை மட்டும் எக்காரணம் கொண்டும் திறக்கக் கூடாது. அணைத்த பிறகும் அதற்குள் ஆபத்தான அளவு மின்சாரம் தங்கியிருக்கலாம். வாரன்டியில் இருக்கும் கம்ப்யூட்டர் என்றால், திறந்தால் வாரன்டி போகுமா என்று முதலில் விசாரித்துவிடுங்கள்.

தூசியை ப்ளோயரால் ஊதும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். காற்றின் வேகத்தில் அது அளவுக்கு மீறிச் சுற்றினால் பேரிங் சேதமாகலாம். முன்பக்க ஃபில்டரை மாதம் ஒருமுறை கழற்றித் தட்டினாலே காற்றோட்டத்தில் வித்தியாசம் தெரியும். ரோட்டோர வீடு என்றால் இன்னும் அடிக்கடி பார்க்க வேண்டும்.

ஆக, வரிசை இதுதான். முதலில் தூசியைத் துடைத்து, கேபினட்டைச் சுவரில் இருந்து தள்ளி வையுங்கள். பிறகு மூடியைக் கழற்றிச் சோதனை செய்யுங்கள். அடுத்து ஃபேன்களின் திசை, பிறகு பயாஸ் செட்டிங். இந்த நான்கிலும் ஒரு ரூபாய் செலவில்லை. இதற்குப் பிறகும் சூடு குறையவில்லை, மூடியைக் கழற்றினால் மட்டும் குறைகிறது என்றால், அப்போது கடைக்குப் போய் ஃபேன் வாங்கலாம். எந்த அளவு, எத்தனை பின், எந்த இடத்தில் மாட்டப் போகிறோம் என்பது அதற்குள் உங்களுக்கே தெரிந்திருக்கும்.